850 தவறுகள் எழுதிய நோட்டு

வாட்ஸ்அப் குரூப்பைக் கொஞ்சம் திறந்து பாருங்க. "30 நாளில் பைத்தான்", "7 நாளில் ஏஐ எக்ஸ்பர்ட்". சான்றிதழ் கைக்கு வந்த அன்னைக்கே லிங்க்ட்இன்ல ஒரு பதிவு, நூறு லைக். அடுத்த வாரம் அதே ஆளை ஒரு லிங்க்டு லிஸ்ட்டைத் திருப்பி எழுதச் சொன்னா, முழிக்கிறார்.

சரி, இப்போ உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு விஷயத்துக்கு வருவோம். சீனியர்கள் பேப்பர் எழுதும்போது லேடெக் பயன்படுத்துறதைப் பார்த்திருப்பீங்க. அதுக்கு அடித்தளம் டெக் என்கிற மென்பொருள். அதை எழுதியவர் டொனால்ட் கனூத்.

1962-ல், 24 வயசில், அவர் கணினி நிரலாக்கம் பற்றி ஒரு புத்தகம் எழுத ஆரம்பிச்சார். அது பல தொகுதிகளா வளர்ந்தது. முதல் தொகுதி 1968-ல் வந்தது. 1974-ல் டூரிங் விருதும் கிடைச்சிடுச்சு. வேற யாராவது இருந்தா அத்தோட மேடை மேடையா ஏறியிருப்பாங்க. 1977-ல் இரண்டாம் தொகுதியின் மறுபதிப்புக்கான அச்சுப் பிரதி அவர் கைக்கு வந்தது. எழுத்துகள் அசிங்கமா இருந்தன. 'நாமே ஒரு மென்பொருள் எழுதிடலாம்'னு முடிவு பண்ணினார். ஒரு வருஷ விடுப்புல முடிஞ்சிடும்னு நினைச்ச வேலை, பத்து வருஷத்துக்கும் மேல இழுத்தது. அதுக்காக எழுத்துரு வடிவமைப்பையே அடிப்படையிலிருந்து கத்துக்கிட்டார்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. அந்தப் பத்து வருஷமும் டெக்கில் செஞ்ச ஒவ்வொரு திருத்தத்தையும் அவர் குறிச்சு வெச்சார். 850-க்கும் மேற்பட்ட குறிப்புகள்! அதை ஒளிச்சு வைக்காம 1989-ல் ஒரு கட்டுரையாகவே வெளியிட்டார். புத்தகத்தில் பிழை கண்டுபிடிச்சுச் சொன்னவங்களுக்கு 2008 வரைக்கும் 2.56 டாலர் காசோலை அனுப்பிட்டு இருந்தார். 1990-லிருந்து மின்னஞ்சல் பயன்படுத்துறதையே நிறுத்திட்டார். தொகுதி 4பி வெளிவந்தது 2022-ல். தொடங்கி 60 வருஷம்!

"அவர் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியரா இருந்தவர். மாசம் பொறந்தா சம்பளம். எனக்குக் கல்விக்கடன் இருக்கு, எட்டாவது செமஸ்டருக்குள்ள வேலை வேணும்"னு நீங்க கேட்பீங்க. நியாயமான கேள்விதான். நாலு பேருக்குத் தெரியணும்னு நினைக்கிறதும் தப்பில்லை. ஆனா இன்டர்வியூ அறையில் என்ன நடக்குதுன்னு யோசிங்க. கிட்ஹப்ல இருக்கிற பத்து புராஜெக்ட்டையும் யாரும் வரிசையா கேட்கிறதில்லை. ஒண்ணை எடுத்து, "இந்த இடத்துல ஏன் ஹாஷ் டேபிள் போட்டீங்க?"னு கேட்பாங்க. இன்னொருத்தர் ரெப்போவைக் காப்பியடிச்சவர் அங்கேயே நின்னுடுவார். மூணு மாசம் ஒரே புராஜெக்ட்டோட மல்லுக்கட்டினவர் அரை மணி நேரம் பேசுவார். கடன் இருக்கிறவருக்குத்தான் அந்த அரை மணி நேரம் ரொம்ப முக்கியம்.

கோடிங்குக்கு மட்டும் இல்ல. வெல்டிங், சர்க்யூட், போட்டோகிராபி, கவிதை எல்லாத்துக்கும் இது பொருந்தும். "சித்திரமும் கைப்பழக்கம்"னு நம்ம ஊர்ல சும்மாவா சொன்னாங்க? பழக்கத்துக்கு நாள் வேணும். அந்த நாள்கள்ல யாரும் கைதட்ட மாட்டாங்க. அதைத் தாங்குறதுதான் கஷ்டம்.

ஒரே ஒரு வேலை பண்ணுங்க. இந்த செமஸ்டருக்கு ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்குங்க. லேப் ரெக்கார்டுக்கு வாங்குற மாதிரி ஒரு சின்ன நோட்டு வாங்குங்க. தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எங்க தப்பாச்சு, ஏன் ஆச்சுன்னு தேதி போட்டு எழுதுங்க. அதை ஸ்டேட்டஸ்ல போட வேண்டாம். செமஸ்டர் முடிவில் முதல் பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. அன்னைக்கு ராத்திரி முழுக்க உங்களை அழ வெச்ச எரர், இப்போ பார்த்ததும் புரியும். எவ்வளவு தூரம் வந்திருக்கீங்கன்னு அந்தப் பக்கமே சொல்லும்.