அனுப்பிய பணம் எங்கே? அனுப்பிய பிள்ளை எங்கே?



தேசங்களின் வரவு செலவுக் கணக்கில் ஒரு பத்தி உண்டு. 'இரண்டாம் நிலை வருமானம்' என்று அதற்குப் பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். எந்தச் சரக்கையும் விற்காமல், கடனாகவும் வாங்காமல் நாட்டுக்குள் வந்து சேரும் பணம் அது. பிழைக்கப் போன மகன் வீட்டுக்கு அனுப்பும் காசு அதில் சேரும். அந்நிய சர்க்கார்கள் கொடுக்கும் நன்கொடையும் சேரும். இப்படி வந்ததில், இதே போல் வெளியே போனதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் 'நிகர' வருமானம்.

இந்தப் பத்தியில் உபரி காட்டும் ஏழை நாட்டைப் பார்த்துப் பொருளாதார மேதைகள் பூரித்துப் போகிறார்கள். "வியாபாரத்தில் விழுந்த பள்ளம் தூர்ந்துவிட்டது, இனிக் கவலையில்லை" என்கிறார்கள். எதைப் போட்டுத் தூர்த்தார்கள்? மண்ணைப் போட்டா, மனிதர்களைப் போட்டா? இதைத்தான் உழைப்பவன் கேட்க வேண்டும்.

பதில் தெரிய வேண்டுமானால் ஐரோப்பாவின் ஓரத்தில் கிடக்கும் அல்பேனியாவைப் பாருங்கள். எதிர்க்கரையில் இத்தாலி, தெற்கே கிரீஸ். நடுவே ஒரு சின்னஞ்சிறு நாடு.

பூட்டிய கதவு

கசப்பான விஷயத்தை முதலில் சொல்லிவிடுவோம். செங்கொடி பறந்த காலத்தில் அந்த நாட்டின் கதவு பூட்டிக் கிடந்தது. அந்நிய முதலாளிகளிடம் கடன் வாங்கக் கூடாது என்று 1976ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். ஆலைகளும் கட்டினார்கள். தலைநகர் திரானாவில் ஸ்டாலின் பெயரில் ஒரு பஞ்சாலை. பெராட் நகரில் மாவோ பெயரில் இன்னொன்று. ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே தறியோட்டினார்கள். ஆனால் உத்தரவில்லாமல் எல்லையைத் தாண்டுவது குற்றம். தாண்ட முயன்று சுடப்பட்டு இறந்தவர்களும் உண்டு. தொழிலாளியின் பெயரால் நடக்கும் ராஜ்யம் தொழிலாளியையே பூட்டி வைக்குமானால், பூட்டு உடையும் நாளில் அவன் எந்தத் திசையில் ஓடுவான் என்று கேட்கவா வேண்டும்?

பூட்டு உடைந்தது. 1990 ஜூலையில் சுமார் 5,000 பேர் திரானாவில் உள்ள அந்நியத் தூதரகங்களுக்குள் புகுந்தார்கள். 1991 ஆகஸ்டு 8ஆம் தேதி, கியூபாவிலிருந்து சர்க்கரை ஏற்றி வந்த 'வ்லோரா' என்ற கப்பல் சுமார் 20,000 பேரைச் சுமந்துகொண்டு இத்தாலியின் பாரி துறைமுகத்தில் போய் நின்றது. பாய்மரக் கம்பத்தில்கூட மனிதர்கள் தொங்கினார்கள். சுதந்திரத்தின் பெருமையை ஓயாமல் ஓதிவந்த மேற்கு ஐரோப்பா அவர்களை எப்படி வரவேற்றது? விளையாட்டு மைதானத்தில் அடைத்து வைத்து, பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பியது!

ஆலை மூடியது, ஆள் ஏற்றுமதி திறந்தது

புதிய எஜமானர்கள் வந்தார்கள். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. கூட்டுப் பண்ணை நிலத்தை 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். கையளவு நிலம் கிடைத்தது. கலப்பைக்கும் விதைக்கும் தண்ணீருக்கும் வழி? அதை யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை. வாலிபர்கள் மலையேறிக் கிரீஸுக்குப் போனார்கள்; படகேறி இத்தாலிக்குப் போனார்கள். ஆலிவ் பறித்தார்கள், செங்கல் சுமந்தார்கள், வீடு பெருக்கினார்கள். காகிதம் இல்லாதவனுக்குக் கொடுத்ததுதான் கூலி, கேட்டால் போலீஸ்.

அந்தக் கூலியில் வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். 1990களில் அந்தப் பணம் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கை எட்டிய ஆண்டுகளும் உண்டு. நாடு விற்றதைவிட இருமடங்குக்கும் அதிகமாகச் சரக்கு வாங்கியது. அந்தப் பள்ளத்தில் பெரும்பகுதியை இந்தப் பணமும் அந்நிய உதவியும் தூர்த்தன. சர்க்கார் மார்தட்டிக்கொண்டது. எவனுடைய வியர்வைக்கு எவன் மார்தட்டுவது!

"அந்தப் பணம் வராவிட்டால் குடும்பங்கள் பட்டினி கிடந்திருக்குமே" என்று கேட்பார்கள். உண்மைதான். அனுப்பியவனையோ வாங்கித் தின்றவளையோ நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணம் எங்கே போயிற்று? ரொட்டிக்கும் மருந்துக்கும் வீட்டுக்கும் போயிற்று. நாட்டுக்குள் ஆலை ஓடாததால் மாவும் எண்ணெயும் துணியும் இத்தாலியிலிருந்தும் கிரீஸிலிருந்தும் வந்தன. கிரேக்க முதலாளி கொடுத்த கூலி கிரேக்க வியாபாரியின் கல்லாவுக்கே திரும்பிப் போயிற்று. அல்பேனியனுக்கு மிஞ்சியது முதுகுவலி!

1997: பகற்கொள்ளை

சேமித்த கொஞ்சத்துக்கும் வந்தது ஆபத்து. வேஃபா, ஜல்லிட்சா, சூத்யா, ஜஃபெர்ரி என்று வட்டிக் கம்பெனிகள் முளைத்தன. மாதம் 8 சதவீதம் வட்டி என்றார்கள். 1996 கடைசியில் மூன்றே மாதத்தில் பணம் மும்மடங்கு என்றார்கள். தொழில் எதுவும் செய்து அந்த வட்டி வரவில்லை. புதிதாகப் பணம் போடுபவனிடம் வாங்கிப் பழையவனுக்குக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். புதிய ஆள் வருவது நின்றால் கடையை மூட வேண்டியதே.

கடல் கடந்த மகனின் கூலி அதில் போயிற்று. வீட்டை விற்றவர்கள் உண்டு; ஆடு மாட்டை விற்றுக் கட்டிய விவசாயிகளும் உண்டு. ஜனத்தொகையில் மூன்றில் இரண்டு பங்கினர் மாட்டிக்கொண்டதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். கம்பெனிகள் தர வேண்டிய பாக்கி நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் கிட்டத்தட்டப் பாதி!

சர்க்காருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆளும் கட்சியின் 1996 தேர்தல் செலவுக்குச் சில கம்பெனிகள் பணம் கொடுத்திருந்தன. கை நீட்டி வாங்கியவன் கைவிலங்கு போடுவானா? 1997 ஜனவரியில் கோபுரம் சரிந்தது. ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆயுதக் கிடங்குகள் சூறையாடப்பட்டன. அந்த ஆண்டில் சுமார் 2,000 பேர் மாண்டார்கள். மார்ச் 28ஆம் தேதி, அகதிகளை ஏற்றி வந்த 'கதேரி இ ராதஸ்' என்ற படகு இத்தாலியக் கடற்படைக் கப்பலோடு மோதி மூழ்கியது. 80 பேருக்கு மேல் ஜலசமாதி ஆனார்கள். பலர் பெண்கள், குழந்தைகள். அந்த மரணங்கள் எந்தப் பத்தியில் ஏறின?

வற்றும் ஊற்று

கொள்ளை போன பிறகும் ஜனங்கள் சோர்ந்து உட்காரவில்லை. மறுபடி போனார்கள், மறுபடி அனுப்பினார்கள். 2007 வாக்கில் ஆண்டுக்கு 90 கோடி யூரோவுக்கு மேல் வந்தது. பிறகு கிரீஸில் முதலாளித்துவ நெருக்கடி வெடித்தது. கட்டட வேலை நின்றது. முதலில் வெளியே தள்ளப்பட்டவன் அல்பேனியத் தொழிலாளி. 2013இல் அந்தப் பணம் 60 கோடிக்கும் கீழே விழுந்தது. எங்கோ ஒரு பாங்கி முறிந்தால் இங்கே ஒரு கிழவியின் அடுப்பு அணையும். இதுவா பொருளாதார பலம்?

பின்னால் தொகை மீண்டும் ஏறியது. ஆனால் உற்பத்தியோடு ஒப்பிட்டால் பழைய உயரம் திரும்பவில்லை. பத்தில் ஒரு பங்குக்கும் கீழேதான். காரணம் மந்தம் மட்டுமல்ல. தனியாகப் போனவன் பணம் அனுப்புவான். மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டால் யாருக்கு அனுப்புவான்? அங்கே பிறந்த பேரனுக்குத் தாத்தாவின் கிராமம் வெறும் பெயர். மனிதனை ஏற்றுமதி செய்து வாழும் நாட்டுக்கு முடிவில் மனிதனும் இல்லை, பணமும் இல்லை!

ஜனத்தொகைக் கணக்கே சாட்சி. 1989இல் சுமார் 32 லட்சம் பேர். 2011இல் 28 லட்சம். 2023இல் 24 லட்சம். யுத்தம் இல்லை, பஞ்சம் இல்லை. நாட்டில் கால்வாசி காலி! 2015 என்ற ஒரே ஆண்டில் ஜெர்மனியில் மட்டும் 50,000க்கும் அதிகமான அல்பேனியர்கள் தஞ்சம் கேட்டு மனுப் போட்டார்கள்.

கணக்கில் ஏறாத நஷ்டம்

பெற்று, பாலூட்டி, படிக்க வைத்து, 20 வயது ஆளாக்க ஒரு குடும்பம் எவ்வளவு செலவழிக்கிறது? அந்த முழுச் செலவும் அல்பேனியாவுடையது, விளைச்சல் ஜெர்மனியுடையது. டாக்டரும் நர்சும் தயாராக அங்கே போய் இறங்குகிறார்கள். இது ஏழை நாடு பணக்கார நாட்டுக்குக் கொடுக்கும் தானம் அல்லவா? இதை எழுத மட்டும் மேதைகளின் பேரேட்டில் இடமில்லை.

சர்க்கார் கண்ட வைத்தியம் என்ன? 2023இல் ஒரு சட்டம் போட்டது. மருத்துவம் படித்தவன் சில ஆண்டுகள் உள்நாட்டிலேயே வேலை செய்ய வேண்டும்; இல்லையேல் படிப்புச் செலவு முழுவதையும் கட்ட வேண்டும்! மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். சம்பளத்தை உயர்த்து, ஆஸ்பத்திரியைச் சீர்செய் என்றால் காதில் விழாது; கதவைப் பூட்டு என்றால் உடனே சாவி வருகிறது. பழைய பூட்டைப் பழித்தவர்கள்தான் புதுப் பூட்டுச் செய்கிறார்கள்!

உள்ளே இருப்பவர்களுக்கு என்ன வேலை? இத்தாலியக் கம்பெனி தோலும் துணியும் அனுப்பும்; அல்பேனியப் பெண்கள் குறைந்த கூலிக்குச் செருப்பும் சட்டையும் தைத்துத் திருப்பி அனுப்புவார்கள். லாபமும் முத்திரையும் அக்கரையில். ஊசி குத்திய விரல் இக்கரையில்.

ஆகவே தோழர்களே, 'இரண்டாம் நிலை வருமானம் உபரி' என்று யாராவது பெருமையடித்தால் மூன்று கேள்வி கேளுங்கள். அனுப்பியவன் யார்? அவன் ஏன் போனான்? வந்த பணம் எத்தனை பேருக்கு உள்ளூரில் வேலை கொடுத்தது?

போக விரும்புகிறவனுக்குப் போகும் உரிமை வேண்டும். அதைப் பறிக்க எந்தக் கொடிக்கும் அதிகாரமில்லை. அதே போல், இருக்க விரும்புகிறவனுக்கு வயிறாரச் சாப்பிட்டு, மானத்தோடு பிறந்த மண்ணிலேயே வாழும் உரிமையும் வேண்டும். முதல் உரிமையைப் பறித்த ஆட்சி வீழ்ந்தது. இரண்டாவதைப் பறித்து, போனவனின் வியர்வையில் கணக்கைச் சரிக்கட்டும் ஆட்சிகளும் நிலைக்கப் போவதில்லை. உழைப்பவன் சுமக்கும் மூட்டையை உபரி என்று எழுதிக்கொள்பவன் ஒருநாள் உழைப்பவனிடமே கணக்குச் சொல்லியாக வேண்டும்!