சொல்லக் கூசும் வயிற்று உபாதை

கல்யாண வீட்டுக்குப் போனால் மற்றவர்கள் பட்டுப்புடவையைப் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது, பாத்ரூம் எந்தப் பக்கம் என்றுதான். சிரிக்காதீர்கள்! பல வருஷமாக என் பெருங்குடலில் புண். 'அல்சரேடிவ் கோலைடிஸ்' என்று டாக்டர்கள் சொல்லும் வியாதி.

போன இதழில் இதைப் பற்றி இரண்டு வரி எழுதப்போக, வந்த கடிதங்களில் இரண்டு என்னைத் தூங்கவிடவில்லை.

ஒருத்திக்குக் கைக்குழந்தை. ஆறு மாதமாக ரத்தமும் சளியுமாகப் போகிறதாம். மாமியார் 'உடம்புச் சூடு, வெந்தயம் ஊற வைத்துக் குடி' என்கிறாராம். கணவரிடம் சொல்லச் சங்கோஜம். என் கண்ணே, சூடு என்றால் இரண்டு நாளில் தணியும். ஆறு மாதம் ரத்தம் போவதற்குச் சூடு என்று பெயரில்லை. மூலம் என்று நாமே தீர்மானிப்பதும் தப்பு. சளி கலந்து, அடிவயிறு முறுக்கி, நடுராத்திரி எழுப்பி ஓட வைப்பது மூலத்தின் குணமல்ல. கவலைப்பட்டால் சிலருக்கு வயிறு கலக்குமே, 'ஐ.பி.எஸ்.' என்பார்கள், அதிலும் ரத்தம் வராது.

இந்த வியாதிக்கு ஓர் உடன்பிறப்பும் உண்டு. 1932-ல் நியூயார்க்கில் டாக்டர் கிரோனும் இரண்டு சகாக்களும் விவரித்து எழுதியதால் 'கிரோன்ஸ்' என்று பெயர். கோலைடிஸ் பெருங்குடலோடு நிற்கும். கிரோன்ஸோ வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் வரும். நம் நாட்டில் இன்னொரு குழப்பம், குடல் டி.பி.யும் பார்ப்பதற்கு கிரோன்ஸ் மாதிரியே இருக்கும். டி.பி. இருப்பது தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் அது கிளம்பிவிடும். அதனால்தான் கொலனாஸ்கோபி செய்து, துளி சதை எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். 'குழாய் விடுவாங்களாமே' என்று பயப்பட வேண்டாம். தூக்க மருந்து கொடுத்தே செய்வதுண்டு. முந்தின நாள் குடிக்கிற பேதி மருந்துதான் பெரிய தொல்லை, அப்பப்பா!

இன்னொரு வாசகிக்கு நாலு மாதம். கோலைடிஸுக்கு மெசலமின் சாப்பிட்டு நன்றாக இருப்பவள். 'பிள்ளைக்கு ஆகாது, மாத்திரையை நிறுத்து' என்று அம்மா பிடிவாதமாம். நிறுத்தாதே அம்மா! வயிற்றுப் பிள்ளைக்கு மாத்திரையைவிடக் கெடுதல், வியாதி மறுபடி கிளம்புவதுதான். குறை மாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை எல்லாம் அதில்தான் அதிகம். மெசலமினும், அதற்கு முன்னோடியான சல்ஃபாசலஸினும் கர்ப்பத்தில் சாப்பிடக்கூடியவையே. இரண்டாவதோடு ஃபோலிக் ஆசிட் அவசியம். மெதோட்ரெக்ஸேட் கூடவே கூடாது. அதைச் சாப்பிடுகிறவர்கள் கர்ப்பம் தரிப்பதற்குப் பல மாதம் முன்பே டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். என் இரண்டாவது பெண் பிறந்தது சல்ஃபாசலஸின் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான். இப்போது கல்லூரியில் படிக்கிறாள், வாய் ஓயாமல்!

அந்த மருந்தை உண்டாக்கியதில் முக்கியப் பங்கு ஒரு பெண்மணிக்கு. ஸ்வீடன் டாக்டர் நன்னா ஸ்வார்ட்ஸ். மூட்டு வாதத்துக்கென்று ஆரம்பித்தது, குடல் புண்ணுக்கும் கேட்டது.

சாப்பாடு? காரம் தின்றதால் வந்த வியாதியல்ல இது. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறிப்போய்க் குடலைத் தாக்குகிறது. கிளம்பியிருக்கும்போது குழைந்த சாதம், இட்லி, வெந்த கேரட் என்று இருந்துவிடுவேன். அடங்கியதும் கீரை, கூட்டு எல்லாம் உண்டு. ஆயுசுக்கும் பத்தியம் இருந்து எலும்பும் தோலுமாகப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டவே வேண்டாம். மாதாந்தர வலிக்கு புரூஃபென், டைக்ளோஃபெனாக் போடாதீர்கள், புண்ணைக் கிளறக்கூடும். பாரசிடமால் போதும்.

ஒரு நாளில் ஆறு தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், ஜுரமோ படபடப்போ சேர்ந்தால் கஞ்சி, கஷாயம் என்று காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். கைக்குழந்தைக்காரி, உனக்கு வாய்விட்டுச் சொல்ல வராவிட்டால் இந்தப் பக்கத்தை மடித்து உன் கணவர் சட்டைப் பையில் வைத்துவிடு. டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுது.