தவலைக்கும் இரசாயனமா?

வெந்நீர்த் தவலையின் அடியில் வெள்ளைக் கல்லாகப் படிவது கடின நீரிலுள்ள சுண்ணாம்பே. வெப்பத்தை எளிதில் கடத்தாத இப்படிவு எரிபொருளை வீணாக்குகிறது. தொழிற்சாலைக் கொதிகலனிலோ குழாயே அளவுக்கு மீறிச் சூடேறி வெடிக்கக்கூடும். அங்கே பாஸ்பேட் போன்ற இரசாயனம் சேர்ப்பதை நாங்கள் குறைகூற மாட்டோம். பாலிபாஸ்பேட் என்றால் லிட்டருக்குச் சில மில்லிகிராமே போதுமாம்! அது சுண்ணாம்பை நீக்குவதில்லை. படிகம் வளரவொட்டாமல் தடுக்கிறது, அவ்வளவே.

ஆனால் இன்று வீட்டுக் குழாயில் மாட்டவும் பாஸ்பேட் உருண்டைக் குப்பிகள் விற்கின்றனர். இது வேண்டுமா? அந்தப் பாஸ்பேட் சாக்கடை வழியே ஏரியை அடைந்தால் பாசி கொழிக்கும். பாசி அழுகினால் பிராணவாயு குறைந்து மீன்கள் மடியும். தவலைக்குப் பாட்டிமார் புளியைத்தான் எடுப்பர். புளியின் அமிலம் படிவை இளக்கிவிடும். நாங்கள் பாட்டிமார் பக்கமே! சலவை இயந்திரம் வைத்திருப்போர் எங்களோடு வாதாட வரலாம்.