ராடார் காட்டியதும் காட்டாததும்

மஸ்கெலியா, நோர்வூட் தோட்டங்களில் வாழ்வோர் ஏழு கன்னியர் மலையை நாள்தோறும் காண்பவர்கள். 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரவு பத்து மணிக்குப் பின்னர் அம்மலையில் டச்சு விமானமொன்று மோதிச் சிதறியது. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து கொழும்பு வழியாக ஜித்தா செல்லவிருந்த ஹஜ் யாத்திரிகர் 182 பேரும் பணியாளர் ஒன்பதின்மரும் மாண்டனர்.

விமானத்தின் முகப்பிலுள்ள வானிலை ராடார் வானொலி அலைகளை முன்னே செலுத்துகின்றது. மழைத்துளிகளிற் பட்டுத் திரும்பும் அலைகளின் வலிமை கொண்டு, மழை எங்கே செறிந்துள்ளது என்பதை விமானி அறிகிறார். சித்திரை மாதப் பிற்பகல்களில் நம் மலைகளின்மேற் குவியும் இடிமுகில்களை யாவரும் அறிவோம். அவற்றினுள் மேலும் கீழுமாகப் பாயும் காற்றோட்டம் பெரிய விமானத்தையும் உலுக்கவல்லது. ஆதலின், கடும் இடிமுகிலுக்கு 20 கடல்மைல் விலகிச் செல்லுமாறு விமானிகளுக்குக் கற்பிக்கின்றனர்.

தரையிலும் இதற்கெனப் பலர் விழித்திருக்கின்றனர். வானிலை அறிஞர் விமான நிலையத்துக் காற்றையும் முகிலையும் பார்வைத் தூரத்தையும் கணித்து அறிவிக்க, கட்டுப்பாட்டாளர் அவற்றை விமானிக்கு உரைக்கிறார். ஆயினும், புயல் எங்கே என்று அறிந்தவர், தாம் எங்கே என்பதையும் அறிந்திருத்தல் வேண்டுமன்றோ?

அன்றிரவு அவ்விமானம் 2,000 அடிக்கு இறங்க அனுமதி பெற்றிருந்தது. விமான நிலையம் கண்ணிற் பட்டதும் தெரிவிக்குமாறும் அதற்குச் சொல்லப்பட்டது. ஆனால் அது கொழும்புக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கடல்மைல் தொலைவில், மலைகளின்மேல் இருந்தது. சுமார் 4,355 அடி உயரத்திலேயே மலை எதிர்ப்பட்டது. விமானிகள் தாம் இருந்த இடத்தைத் தவறாகக் கணித்தனர் என்பதும், பிழையாகப் பொருள்கொள்ள இடந்தரும் டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் நம்பியிருந்தனர் என்பதும் விசாரணையின் முடிவு. மழையிற் பட்டுத் திரும்புவது போலவே அலை மலையிற் பட்டும் திரும்பும். திரையில் விழும் தோற்றத்துக்குப் பெயர் சூட்டுபவர் மனிதரே.

அதற்கு மூன்று நாள் முன்னர்தான், வாஷிங்டனை நெருங்கிய அமெரிக்க விமானமொன்றும் உரிய இடத்துக்கு முன்பே தாழ இறங்கி மலையில் மோதியது. 92 பேர் இறந்தனர். அதே மாதத்தில் அமெரிக்கா, தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியைப் பெரிய பயணி விமானங்களுக்குக் கட்டாயமாக்கியது. பின்னர் வந்த கருவிகள் உலகின் மலைகளையெல்லாம் வரைபடமாகத் தம்முள் கொண்டு, வழியில் மலையிருப்பதை முன்கூட்டியே உரைக்கின்றன.

மாணவர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக. கருவி தருவது குறிப்பு மட்டுமே. அதனை மற்றொரு வழியாலும் சரிபார்த்த பின்னரே அது அறிவாகின்றது.