லொறியின் கூரையில் ஒரு தொன் பனிக்கட்டி

பனி என்றதும் நம் நினைவில் எழுவது மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியே. வெயில் ஏறியதும் அது மறைந்துவிடும். வட அமெரிக்காவின் பெருந்தெருக்களில் லொறி செலுத்தும் சாரதிக்கோ பனி என்பது தட்டியும் சுரண்டியும் பெயர்த்தெடுக்க வேண்டிய பாரம்.

அவருக்குக் கோடையிலும் ஓய்வில்லை. புளோரிடா மாநிலத்தில் மே மாதத்திலும் செப்டெம்பரிலும் ‘காதற் பூச்சி’ எனப்படும் சிறு கரிய பூச்சிகள் இணையிணையாகப் பறக்கும். வாகனப் புகையும் சூடேறிய தெருவும் அவற்றைக் கவர்ந்திழுக்கின்றன. விரைந்து வரும் லொறியின் முகப்பில் அவை மோதி நசுங்குவதால் முன்கண்ணாடி மறைகின்றது. றேடியேற்றரின் இடைவெளிகள் அடைபடுகின்றன. கழுவாது வெயிலிற் காயவிட்டால் வண்ணப்பூச்சும் கெடுகின்றது. இவை பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்றிற் படைக்கப்பட்டுத் தப்பி வந்தவை என்று அங்கே ஒரு கதை உண்டு. வெறுங்கதை! மத்திய அமெரிக்காவிலிருந்து மெக்சிக்கோ வளைகுடாக் கரையோரமாகத் தாமாகவே பரவி வந்தவை அவை.

பூச்சியாயினும் பனியாயினும் கண்ணாடி தெளிவாயிருந்தாலன்றி வண்டியைச் செலுத்த இயலாது. கண்ணாடி துடைக்கும் கருவிக்கு 1903 ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றவர் அலபாமா மாநிலத்து மேரி அண்டர்சன் என்னும் பெண்மணி என்பதை நம் மாணவியர் அறிந்து வைத்தல் நன்று. நியூ யோர்க் நகரில் ட்ராம் வண்டிச் சாரதி ஒருவர் பனிமழையிற் பட்ட பாட்டைக் கண்டு அவருக்கு அவ்வெண்ணம் பிறந்ததென்பர். அவர் விற்க முயன்ற காலத்தில் வாங்குவார் இல்லை. உரிமைக் காலம் முடிந்த பின்னரே அத்தகைய கருவி எல்லா வண்டிகளிலும் ஏறியது.

விளக்கின் கதை வேறு. பழைய மின்குமிழ் தன் சூட்டினாலேயே மேலே படியும் பனியை உருக்கியது. இக்காலத்து எல்.ஈ.டி. விளக்கின் கண்ணாடி அவ்வளவு சூடாவதில்லை. ஆதலாற் பனி அதன் மீது அப்பிக்கொள்ள, சாரதி இடையிடையே இறங்கித் துடைக்க நேர்கின்றது. முன்னேற்றத்திலும் இப்படி ஒரு பின்னடைவு!

இவையெல்லாம் சாரதியின் கண்ணுக்குத் தெரிபவை. தெரியாதது கூரை. அங்கே லொறி இழுத்துச் செல்லும் பெட்டியின் நீளம் பெரும்பாலும் 53 அடி. அகலம் எட்டரை அடி. அதன் மேல் ஓர் அங்குலத் தடிப்பிற் பனிக்கட்டி உறைந்தால் எடை எவ்வளவு? ஒரு கன அடி பனிக்கட்டி ஏறத்தாழ 57 இறாத்தல். மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்: விடை 2,100 இறாத்தலுக்கு மேல் வரும்; ஏறக்குறைய ஒரு தொன்! பெட்டி திறந்த வெளியிற் சில நாள் நிற்கும்போது விழுந்த பனி பகலில் உருகி, இரவில் உறைந்து, பலகைபோல் ஆகின்றது. லொறி வேகமெடுத்ததும் காற்று அதன் அடியிற் புகுந்து பெயர்த்தெறிகின்றது.

பென்சில்வேனியா மாநிலத்தில் 2005 ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று அவ்வாறு ஒரு லொறியிலிருந்து பறந்த பனிக்கட்டி எதிரே வந்த காரின் கண்ணாடியை உடைத்ததில் ஒரு தாய் உயிரிழந்தார். பனி ஓய்ந்து 24 மணி நேரத்துக்குள் வாகனத்திலிருந்து அதனை அகற்ற இயன்ற முயற்சி செய்தல் வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது 2022 ஆம் ஆண்டில். இடையிற் கழிந்தவை பதினாறு ஆண்டுகளுக்கு மேல்.

‘இயன்ற முயற்சி’ என்று எழுதுவது எளிது. பெட்டியின் உச்சியோ நிலத்திலிருந்து பதின்மூன்றரை அடி. வழுக்கும் மெல்லிய தகட்டின் மேல், பிடிக்கக் கம்பியின்றி, நள்ளிரவில் தனியொருவர் ஏறுவது எங்ஙனம்? விழுந்தால் அவர் வீட்டிலும் குழந்தைகள் உண்டு. இதனை உணர்ந்தே, தொழிற் பாதுகாப்பு விதிகளை மீறவோ உயிராபத்துக்கு உட்படவோ நேருமாயின் லொறிச் சாரதிக்கு விலக்கு உண்டென அச்சட்டம் கூறுகின்றது. நியாயமான விலக்கே. ஆயினும் அது சாரதியைத் தண்டப்பணத்திலிருந்து காக்குமேயன்றி, மற்ற வண்டிகளில் வருவோரைக் காக்காது.

வழி இல்லாமலில்லை. உயர்ந்த சட்டமொன்றிற் பொருத்திய அலகின் கீழ் லொறியை மெல்லச் செலுத்தினாற் கூரைப் பனி சில நிமிடங்களில் வழிக்கப்பட்டுவிடும். ஒருவரும் மேலே ஏற வேண்டியதில்லை. குறை என்னவெனின், அக்கருவிகள் பெரும்பாலும் பெரிய கம்பனிகளின் முற்றங்களில் நிற்கின்றன. சொந்தமாக ஒற்றை லொறி வைத்திருப்பவருக்கும், ஆளில்லாத வெளியில் நிற்கும் பெட்டியை இரவிற் கொழுவிச் செல்பவருக்கும் அவை கிட்டுவதில்லை. தெருவோரத் தங்குமிடங்களில் அரசு அவற்றை நிறுவினாலென்ன என்று கேட்கத் தோன்றுகின்றது. பல சாரதிகளுக்கு ஓடிய மைலுக்கே கூலி. பனி வழிக்கக் காத்து நிற்கும் நேரத்துக்கு இல்லை.