புகைக்காதவர்களின் இளைப்பு

மூச்சு வாங்குகிறது என்று மருத்துவமனைக்குப் போகிறவரிடம் பெரும்பாலும் கேட்கப்படும் முதல் கேள்வி, 'பீடி, சிகரெட் உண்டா?' என்பதுதான். இல்லை என்று பதில் வந்தால் வயது, ரத்தசோகை, உடல் எடை என்று பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயைப் புகைப்பவர்களின் நோயாகவே பார்த்துப் பழகிவிட்டோம். பணக்கார நாடுகளுக்கு அந்தக் கணக்கு பொருந்தும். அங்கே இந்நோயில் 70 விழுக்காட்டுக்கு மேல் புகைப்பழக்கத்தால் வருவது. ஏழை, நடுத்தர வருமான நாடுகளிலோ அதன் பங்கு 30 முதல் 40 விழுக்காடுதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மீதிப் பேரின் நோய்க்குக் காரணம் தேட, அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள், எதில் சமைத்தார்கள், என்ன வேலை பார்க்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

வடசென்னையில் இந்தக் காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கின்றன. எண்ணூர் வட்டாரத்தின் நிலக்கரிச் சாம்பல், மணலியின் ஆலைகள், துறைமுகத்துக்குக் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரிகளின் டீசல் புகை, அவ்வப்போது தீப்பிடிக்கும் கொடுங்கையூர் குப்பைமேடு எல்லாம் வெளியே இருப்பவை. வீட்டுக்குள் நிலைமை மேலானதல்ல. காற்று புகாத ஒற்றை அறையில் இரவு முழுக்கக் கொசுவத்தி புகைகிறது. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. (பக்கிங்காம் கால்வாய் தேங்கிக் கிடக்கும்வரை கொசுவத்தியை நிறுத்தச் சொல்லிப் பயனில்லை என்பது வேறு விஷயம்.) கேஸ் வருவதற்கு முன் பல ஆண்டுகள் விறகடுப்பில் வெந்த பெண்கள், காசநோய் குணமாகியும் நுரையீரலில் தழும்பு மாறாதவர்கள், குப்பையும் தூசியும் அள்ளும் தூய்மைப் பணியாளர்கள் ஆகியோருக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

சென்னைக்குக் கடற்காற்று இருக்கிறது, டெல்லி அளவுக்கு மோசமில்லை என்பார்கள். டெல்லியோடு ஒப்பிட்டால் எந்த ஊரும் நல்ல ஊர்தான். பிஎம் 2.5 நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்த ஆண்டு வரம்பு, கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். நம் நாட்டின் வரம்பு 40. அதற்குள் அடங்கிவிட்டால் காற்று சுத்தம் என்று ஆகிவிடாது. நகரத்துக்கென எடுக்கும் சராசரியில் லாரி நிற்கும் தெருவின் காற்று தெரிவதும் இல்லை. புகைப்பழக்கம் அல்லாத காரணங்களைப் பேசுவது புகையிலை ஒழிப்பின் வேகத்தைக் குறைத்துவிடும் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. தனியொரு காரணமாகப் பார்த்தால் புகையிலையைவிடக் கொடியது அரிது. ஆனால் அதை மட்டுமே பேசினால் நோய் முழுக்க நோயாளியின் தப்பாகிவிடுகிறது, ஆலைக்கும் மாநகராட்சிக்கும் பொறுப்பே இல்லாமல் போகிறது.

தமிழக அரசு 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டு வாசலிலேயே பார்க்கிறார்கள். மூச்சை வெளிவிடும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் கைக்கு அடக்கமானது, மின்சாரம் வேண்டாதது. நோயை உறுதி செய்ய அது போதாதுதான். சந்தேகத்துக்குரியவரைப் பிரித்தெடுத்து ஸ்பைரோமெட்ரி பரிசோதனைக்கு அனுப்ப அது உதவும். அதையும் இந்த வீட்டு வாசல் பரிசோதனையில் சேர்த்து, எண்ணூர், மணலி, கொடுங்கையூரிலிருந்து அரசு தொடங்கட்டும். எந்தத் தெருவில் எத்தனை பேருக்கு இளைப்பு என்ற கணக்கையும் வெளியிடட்டும்.