கூடுதல் வேலையும் கூடாத கணக்கும்



புது வீட்டில் குடிபுகும் நாள் மகிழ்ச்சிக்குரிய நாள். ஆனால் அந்நாளில் நானும் எங்கள் வீட்டைக் கட்டிய மேஸ்திரியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. காரணம், முதல்நாள் மாலை அவர் என் கையில் கொடுத்த ஒரு துண்டுத் தாள். 'கூடுதல் வேலைக்கு ரூ.46,000' என்று அதில் எழுதியிருந்தது.

போடிநாயக்கனூரில் 600 சதுர அடியில் ஒரு சிறு வீடு. பொருள்கள் என் பொறுப்பு. கூலி சதுர அடிக்கு 400 ரூபாய் வீதம் 2,40,000 ரூபாய் என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டிருந்தோம். மதரஸாவில் பாடம் நடத்துபவனுக்கு அதுவே பெருந்தொகை. மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போன பிறகே அஸ்திவாரம் எழுந்தது.

வேலை நடக்க நடக்க மாற்றங்கள் வந்தன. அடுக்களைச் சுவரை மூன்றடி வெளியே தள்ளச் சொன்னாள் என் மனைவி. முழங்கால் வலியுள்ள என் தாயார், உட்கார்ந்து உளூச் செய்ய ஒரு மேடை கேட்டார்கள். மலைச்சாரல் உள்ளே அடிக்காதிருக்க சன்ஷேடை அகலப்படுத்தவும், பிள்ளைகள் விழாதிருக்க மாடிக் கைப்பிடிச்சுவரை உயர்த்தவும் நானே சொன்னேன். செலவைக் குறைக்க, ஒரு தடுப்புச்சுவரையும் பரணையும் வேண்டாமென்றேன். ஒவ்வொரு முறையும் மேஸ்திரி, "செஞ்சிடலாம் ஹஜ்ரத், கணக்கைப் பிறகு பார்த்துக்கலாம்" என்பார். அந்தச் சொல் அன்று எனக்கு இனித்தது.

தாளைக் கண்டதும் கொதித்தேன். "ஒப்பந்தத்தில் இல்லாத வேலைக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்?" என்றேன். என் மனைவி மெல்லச் சொன்னாள்: "நாளைக்கு அந்த அடுக்களையிலதானே சாப்பிடப் போறீங்க?"

இதே வழக்கு நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. 1944-ஆம் ஆண்டு வங்காளத்தின் ஆராம்பாக்கில் பி.கே.மண்டல் அண்டு சன்ஸ் என்ற நிறுவனம் அரசின் உணவு வழங்கல் துறைக்குக் கிடங்குகள் கட்டியது. பின்னர் அதிகாரிகள் கேட்டபடி மண்சாலை, அலுவலக அறை, சமையலறை முதலியவற்றையும், வேறோர் ஊரில் கிடங்குகளையும் கட்டித் தந்தது. பணம் கேட்டபோது, விதிப்படி ஒப்பந்தம் எழுதப்படவில்லை என்று அரசு மறுத்தது. உச்ச நீதிமன்றம் 1961-இல் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒருவர் முறையாக ஒரு வேலையைச் செய்து, அதை இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி இருந்து, மற்றவர் அதன் பயனை அனுபவித்தால், அனுபவித்தவர் ஈடு செய்தாக வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு. வேண்டாதவர் ஏற்க மறுக்கலாம். ஏற்று அனுபவித்துவிட்டுக் கைவிரிக்கலாகாது.

நமது பிக்ஹு நூல்களும் இதற்கு நெருங்கியதையே சொல்கின்றன. கூலி இன்னதென்று தெளிவாகாமல் வேலை முடிந்துவிட்டால் 'உஜ்ரத்துல் மிஸ்ல்', அதாவது அத்தகைய வேலைக்கு அவ்வூரில் வழங்கும் கூலி கடமையாகும். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் எச்சரிக்கையை நாம் அறிவோம்.

அன்றிரவு எனக்கு உறைத்தது வேறொன்று. திருமறையின் மிக நீண்ட வசனம், கடனை எழுதி வைப்பது பற்றிய சூரத்துல் பகராவின் 282-ஆம் வசனம். எழுத்தர் எழுத வேண்டும். வாசகத்தைச் சொல்ல வேண்டியவரோ கடன்படுபவர். சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதில் சலிப்படையக் கூடாது என்றும் அவ்வசனம் கட்டளையிடுகிறது. பல ஆண்டுகளாக மாணவர்களுக்கு இதைப் பாடம் நடத்திய நான், "மேஸ்திரி ஏன் எழுதவில்லை?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாற்றம் சொன்னதால் கடன்பட்டவன் நான். சொல்லி எழுதவைக்க வேண்டியவனும் நானே!

மறுநாள் பொதுப்பணித் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரை அழைத்துவந்தேன். அரசு வேலைகளில் அளவுப் புத்தகத்தில் பதியாத வேலைக்குப் பட்டியல் போட மாட்டார்கள் என்றார் அவர். எங்கள் இருவர் முன்னிலையிலும் டேப் பிடித்து அளந்தார். அடுக்களையில் கூடியது 36 சதுர அடி. அதற்கு 14,400 ரூபாய். சன்ஷேடும் கைப்பிடிச்சுவரும் 14,600. உளூ மேடை 5,000. நான்கு வரிசை எழுந்திருந்த பழைய சுவரை இடித்த கூலி 3,000; இதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. ஆக 37,000. கைவிட்ட தடுப்புச்சுவருக்கும் பரணுக்கும் 6,000 கழிய வேண்டும். இதை மேஸ்திரி எண்ணிப் பார்க்கவில்லை. மீதி 31,000 ரூபாய். அவர் மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை. இரு தவணைகளில் கொடுத்து முடித்தேன், அல்ஹம்துலில்லாஹ்.

வாசகர்களே! நம்மூர் ஏல மையத்தில் ஏலக்காய் எடை பதியப்படாமல், விலை குறிக்கப்படாமல் கைமாறுவதில்லை. பல இலட்சம் பெறும் வீட்டை மட்டும் வாய்ச்சொல்லில் கட்டுகிறோம். வீடு கட்டத் தொடங்குவோர் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். மாற்றம் சொல்லும் நாளிலேயே தேதி, வேலை, அளவு, கூடும் அல்லது குறையும் தொகை ஆகிய நான்கையும் எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். வீட்டில் யார் சொன்னாலும் நோட்டில் ஏறிய பிறகே வேலை தொடங்கட்டும். சுவர் எழுமுன் அளந்து விடுங்கள். வேண்டாத வேலையானால் அன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

அதையும் மீறிப் பிணக்கு வந்தால், மறுக்க முடியாத தொகையை முதலில் கொடுத்துவிட்டு, மீதிக்கு நடுவரை நாடுங்கள். அதுவும் பலிக்காவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீட்டுக் கட்டுமானத்தையும் சேவையாகக் கொள்கிறது. இரண்டாண்டுகளுக்குள் முறையிட வேண்டும்.

சென்ற மாதம் சாரல் பலமாக இருந்தது. சன்ஷேடு நன்றாகத் தாங்குகிறதா என்று பார்க்க மேஸ்திரி தாமாகவே வந்தார். என் தாயார் உளூ மேடையில் அமர்ந்தபடி அவருக்காக துஆச் செய்தார்கள். அந்த 31,000 ரூபாயை நான் மறுத்திருந்தால், அந்த மேடையில் அமர்ந்து செய்யும் உளூ என் மனத்தை எவ்வாறு உறுத்தியிருக்கும்!